எந்த ஓட்டைக்கு எந்தப் பெயர்: கேட்டலிஸ்ட் 9300 ஸ்டாக்கில் போர்ட்டுகளை இனம் கண்டு அமைப்பது

புதிதாகப் பொறுப்பேற்ற அலுவலகத்தின் ரேக்கில் 48 போர்ட் கொண்ட சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9300 ஸ்விட்ச்சுகள் மூன்று ஒரே ஸ்டாக்காக (ஒரே ஸ்விட்ச் போல இயங்கும் தொகுதியாக) இணைக்கப்பட்டிருக்கின்றன. முன்பு இருந்தவர் எந்தக் குறிப்பும் விட்டுச் செல்லவில்லை. கட்டளை கொடுத்துப் பார்த்தால் முன்முகப்பில் கண்ணுக்குத் தெரியாத போர்ட்டுகளின் பெயர்களும் பட்டியலில் வந்து நிற்கின்றன. எந்தப் பெயர் எந்த ஓட்டையைக் குறிக்கிறது, அதை எப்படி அமைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அமைப்பதற்கான கட்டளைகள் அரைப் பக்கத்தில் அடங்கிவிடும். நாள்கணக்கில் நேரம் பிடிப்பது இனம் காணும் வேலைதான். கண்ணால் பார்க்கும் ஓட்டை, ஸ்விட்ச்சின் மென்பொருள் அதற்கு வைத்திருக்கும் பெயர், அந்தக் கேபிளின் மறுமுனையில் இருக்கும் கருவி ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்று உறுதியாகும் வரை எந்தப் போர்ட்டிலும் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டாம் என்பதே நான் முதலில் சொல்ல விரும்புவது. ஆகவே என் பதிலில் பெரும்பகுதி அதைப் பற்றியே இருக்கும்.

பெயரிலிருந்து தொடங்குவோம். ‘கிகாபிட் ஈதர்நெட் 2/0/17’ என்ற பெயரில் சாய்கோடுகளுக்கு இடையே மூன்று எண்கள் இருக்கின்றன. முதல் எண், ஸ்டாக்கில் அந்த ஸ்விட்ச் எத்தனையாவது உறுப்பினர் என்பதைச் சொல்கிறது. இரண்டாவது எண் மாட்யூலைக் குறிக்கிறது: 0 என்றால் முகப்பிலேயே நிலையாகப் பொருத்தப்பட்ட போர்ட்டுகள், 1 என்றால் முகப்பின் வலது ஓரத்தில் கழற்றி மாட்டக்கூடிய நெட்வொர்க் மாட்யூலில் உள்ள அப்லிங்க் (மற்ற ஸ்விட்ச்சுகளோடு இணைக்கும்) போர்ட்டுகள். மூன்றாவது எண்தான் தகட்டின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் போர்ட் எண். 48 போர்ட்டுகளும் இரண்டு வரிசையாக அமைந்திருப்பதால் எண்கள் இடமிருந்து வலமாக ஒரே வரிசையில் ஓடுவதில்லை. மேல் வரிசையில் 1, 3, 5 என ஒற்றைப்படை எண்களும் கீழ் வரிசையில் 2, 4, 6 என இரட்டைப்படை எண்களும் வருகின்றன. இருட்டான ரேக்கின் முன் குனிந்து நின்று கீழ் வரிசையை 25லிருந்து எண்ணத் தொடங்கி, 30 என்று நினைத்து 12ஆவது போர்ட்டின் கேபிளைப் பிடுங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். போர்ட் எண்ணைத் தகட்டில் படியுங்கள். விரலால் எண்ண வேண்டாம்.

இந்த மூன்று எண் முறை எல்லா ஸ்விட்ச்சுக்கும் பொதுவானதன்று. சிஸ்கோவின் பழைய 2960-எக்ஸ் வரிசையில் அப்லிங்க் போர்ட்டுகளுக்கு மாட்யூல் எண் மாறாது. பெரும்பாலான 48 போர்ட் மாடல்களில் அவை 1/0/49 முதல் 1/0/52 வரை எனத் தொடர்ந்து போகும். ஜூனிப்பரின் இஎக்ஸ் வரிசையிலோ எண்ணிக்கை 0வில் தொடங்குகிறது. அங்கே ‘ஜிஇ-0/0/0’ என்பதே முதல் போர்ட். ஒரே அலுவலகத்தில் இரண்டு நிறுவனங்களின் ஸ்விட்ச்சுகளும் இருந்தால், “ஐந்தாவது போர்ட்” என்று தொலைபேசியில் சொல்லாமல் எப்போதும் முழுப் பெயரையே சொல்லும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

இனி, கண்ணுக்குத் தெரியாத போர்ட்டுகளுக்கு வருவோம். 9300இல் ‘ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்டேட்டஸ்’ என்று கொடுத்தால், 1/0/1 முதல் 1/0/48 வரை வந்த பிறகு, கிகாபிட் 1/1/1 முதல் 1/1/4 வரை, டென்கிகாபிட் 1/1/1 முதல் 1/1/8 வரை, ஃபார்ட்டிகிகாபிட் 1/1/1, 1/1/2, ட்வென்டிஃபைவ்கிகாபிட் 1/1/1, 1/1/2 என்று ஒரு கூட்டமே வருகிறது. இவை அனைத்தும் அந்த ஸ்லாட்டில் மாட்டப்படக்கூடிய வெவ்வேறு நெட்வொர்க் மாட்யூல்களுக்காக முன்கூட்டியே ஒதுக்கி வைக்கப்பட்ட பெயர்கள். நான்கு 1 கிகாபிட் போர்ட் கொண்ட மாட்யூல் உண்டு. எட்டு 10 கிகாபிட் போர்ட் கொண்டது உண்டு. இரண்டு 25 கிகாபிட், இரண்டு 40 கிகாபிட் கொண்டவையும் உண்டு. எது மாட்டப்பட்டிருக்கிறதோ அதற்குரிய பெயர்கள் மட்டுமே உயிரோடு இருக்கும்; மற்றவை வெறும் பெயர்கள். ‘ஷோ இன்வென்டரி’ கட்டளை எந்த மாட்யூல் மாட்டப்பட்டிருக்கிறது என்பதை அதன் மாடல் எண்ணோடு சொல்லிவிடும்.

இதில் ஒரு நுணுக்கம் பலரை அரை நாள் அலைக்கழிக்கிறது. எட்டு போர்ட் 10 கிகாபிட் மாட்யூலில் நீங்கள் 1 கிகாபிட் எஸ்எஃப்பி (கேபிளை இணைக்கப் போர்ட்டில் செருகும் சிறு பாகம்) ஒன்றைச் செருகினாலும் அதன் பெயர் டென்கிகாபிட் 1/1/1 என்றுதான் இருக்கும். வேகம் 1 கிகாபிட்தானே என்று கிகாபிட் 1/1/1 என்ற பெயரின் கீழ் எல்லா அமைப்புகளையும் எழுதிவிட்டு, லிங்க் ஏன் வேலை செய்யவில்லை என்று ஃபைபரைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருப்பார்கள். கட்டளையும் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் ஏற்கப்பட்டிருக்கும். ஆனால் எழுதியது இல்லாத போர்ட்டின் மேல்.

பட்டியலில் வரும் இன்னும் இரண்டு பெயர்களையும் சொல்லிவிடுகிறேன். ‘கிகாபிட் ஈதர்நெட் 0/0’ என்பது ஸ்விட்ச்சின் பின்புறத்தில் உள்ள நிர்வாகப் போர்ட். அது தனக்கெனத் தனி ரூட்டிங் அட்டவணை கொண்டது, பயனர்களின் போக்குவரத்து அதன் வழியே போகாது. ‘ஆப் கிகாபிட் ஈதர்நெட்’ என்று தொடங்குவது, ஸ்விட்ச்சுக்கு உள்ளேயே செயலிகளை இயக்குவதற்காக இருக்கும் உள் இணைப்பு. அதற்கு வெளியே ஓட்டையே கிடையாது. பின்புறத்தில் நிர்வாகப் போர்ட்டுக்கு அருகிலேயே அதே ஆர்ஜே-45 வடிவத்தில் கன்சோல் போர்ட்டும் இருக்கிறது. வடிவம் ஒன்றானாலும் அது ஈதர்நெட் அன்று. 9600 பாட் வேகத்தில் பேசும் சீரியல் இணைப்பு. அதற்குரிய வெளிர்நீலத் தட்டைக் கேபிளை வேறு இடத்திலும், சாதாரணப் பேட்ச் கார்டை அதிலும் செருகி வைத்திருந்தால் இரண்டுமே மௌனமாக இருக்கும்.

அடுத்து, மூன்று ஸ்விட்ச்சுகளில் எது 1, எது 2, எது 3? ரேக்கில் மேலிருந்து கீழாக 1, 2, 3 என்று இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். உறுப்பினர் எண் அந்தந்தப் பெட்டி தன் நினைவில் வைத்திருக்கும் ஓர் எண். ரேக்கில் அது இருக்கும் இடத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. முதல் முறை மின்சாரம் கொடுத்தபோது எது முதலில் எழுந்தது, எது பிறகு சேர்க்கப்பட்டது என்பதைப் பொறுத்து நடுவில் இருப்பது 1 ஆகவும் அடியில் இருப்பது 2 ஆகவும் இருக்கலாம். உறுதி செய்ய இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, ‘ஷோ இன்வென்டரி’ தரும் வரிசை எண்ணைப் பெட்டியின் மேல் ஒட்டப்பட்டுள்ள சீட்டோடு ஒப்பிடுவது. மற்றொன்று, முகப்பின் இடது ஓரத்தில் உள்ள ‘மோட்’ பொத்தானை ‘ஸ்டாக்’ என்ற விளக்கு எரியும் வரை அழுத்துவது. அப்போது போர்ட் விளக்குகள் தம் வழக்கமான பொருளை விட்டுவிட்டு உறுப்பினர் எண்ணைக் காட்டத் தொடங்கும். எந்தப் பெட்டியில் முதல் போர்ட்டின் விளக்கு சிமிட்டுகிறதோ அது உறுப்பினர் 1. இரண்டாவது போர்ட்டின் விளக்கு சிமிட்டினால் உறுப்பினர் 2. கண்டுபிடித்தவுடன் முகப்பில் கொட்டை எழுத்தில் எண் எழுதிய சீட்டை ஒட்டிவிடுங்கள். இந்த ஒரு வேலைக்கு ஐந்து நிமிடம் போதும். நள்ளிரவில் யாரோ ஒருவர் உங்கள் சொல் கேட்டுக் கேபிளை மாற்றும்போது அதன் மதிப்பு தெரியும்.

பெட்டிகள் தெரிந்துவிட்டன, ஓட்டைகளின் பெயர்கள் தெரிந்துவிட்டன. மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்பதே மிச்சம். இதை ரேக்கின் முன் நின்று தொடங்காமல் நாற்காலியில் உட்கார்ந்து தொடங்குங்கள். ‘ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்டேட்டஸ்’ தரும் பட்டியலை அப்படியே ஒரு விரிதாளில் ஒட்டி, போர்ட் ஒன்றுக்கு ஒரு வரி என வைத்துக்கொள்ளுங்கள். அதில் ‘கனெக்டட்’ என்றால் லிங்க் இருக்கிறது. ‘நாட்கனெக்ட்’ என்றால் போர்ட் திறந்திருக்கிறது, எதிரில் எதுவும் பேசவில்லை. ‘டிசேபிள்டு’ என்றால் யாரோ வேண்டுமென்றே மூடி வைத்திருக்கிறார்கள். ‘எர்-டிசேபிள்டு’ என்றால் ஏதோ ஒரு பாதுகாப்பு விதி மீறப்பட்டதால் ஸ்விட்ச் தானாகவே மூடிவிட்டது. வி-லேன் (ஒரே ஸ்விட்ச்சுக்குள் பிரித்து வைத்த தனித்தனி நெட்வொர்க்) என்ற பத்தியில் எண்ணுக்குப் பதிலாக ‘டிரங்க்’ (பல வி-லேன்களை ஒரே கேபிளில் சுமக்கும் இணைப்பு) என்று இருக்கும் போர்ட்டுகளை உடனே வண்ணமிட்டு வையுங்கள். அவை ஒருவரின் மேசைக்குப் போகும் கேபிள்கள் அல்ல, ஒரு தளத்துக்கே உயிர் கொடுப்பவை.

பிறகு ‘ஷோ சிடிபி நெய்பர்ஸ்’ கொடுங்கள். சிஸ்கோவின் கருவிகள் தம்மைத் தாமே அறிமுகப்படுத்திக்கொள்ளும் நெறிமுறை இது. எதிர்முனையின் பெயர், மாடல், அங்கே எந்தப் போர்ட் என்பது வரை தெரிந்துவிடும். மற்ற நிறுவனங்களின் கருவிகளுக்கு 2005இல் ஐஇஇஇ 802.1ஏபி என்று தரப்படுத்தப்பட்ட எல்எல்டிபி இருக்கிறது. ஆனால் இந்த ஸ்விட்ச்சில் அது தொடக்கத்தில் அணைந்தே இருக்கும், ‘எல்எல்டிபி ரன்’ என்று கொடுத்து எழுப்ப வேண்டும். ஐபி போன்களும் வைஃபை அக்சஸ் பாயின்ட்டுகளும் மற்ற ஸ்விட்ச்சுகளும் பெரும்பாலும் இந்த இரண்டிலேயே அகப்பட்டுவிடும்.

மேசைக் கணினி, பிரின்டர், கேமரா போன்றவை தம்மைப் பற்றி எதுவும் சொல்லிக்கொள்ளாமல் இருக்கலாம். அவற்றை மேக் முகவரி (நெட்வொர்க் கார்டுக்குத் தயாரிப்பிலேயே தரப்படும் அடையாள எண்) வழியாகத்தான் பிடிக்க வேண்டும். ‘ஷோ மேக் அட்ரஸ்-டேபிள்’ எந்தப் போர்ட்டில் எந்த மேக் முகவரி கற்கப்பட்டது என்பதைத் தரும். அந்த முகவரியை, ஐபி முகவரிகளை வழங்கும் டிஎச்சிபி சர்வரின் பட்டியலோடு ஒப்பிட்டால் கணினியின் பெயர் கிடைக்கும். அதுவும் இல்லாதபோது முகவரியின் முதல் ஆறு எழுத்தெண்கள் தயாரித்த நிறுவனத்தையாவது காட்டிக்கொடுக்கும். இங்கே நேரம் முக்கியம். ஒரு கருவி பேசாமல் 300 வினாடிகள் கடந்தால் அதன் முகவரியை ஸ்விட்ச் மறந்துவிடும். எனவே இரவில் எடுத்த பட்டியலில் பாதிப் போர்ட்டுகள் ஆளில்லாதவை போலத் தோன்றும். வேலைநாளில் முற்பகல் 11 மணிக்கு ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையும் ஒரு வாரம் எடுத்துச் சேர்த்துப் பாருங்கள். ஒரு போர்ட்டில் இரண்டு முகவரிகள் இருந்தால் பெரும்பாலும் ஐபி போனும் அதன் பின்னால் செருகிய கணினியும்தான். பத்து, இருபது என்று இருந்தால், அங்கே யாரோ மேசைக்கு அடியில் ஒரு சிறு ஸ்விட்ச்சை வைத்திருக்கிறார்கள், அல்லது அதன் பின்னால் ஓர் அக்சஸ் பாயின்ட் இருக்கிறது. தேடும் முகவரி அப்லிங்க் போர்ட்டில் தெரிந்தால் அது இந்த ஸ்விட்ச்சில் இல்லை, அந்த அப்லிங்கின் மறுமுனைக்குப் போய் அங்கே தேட வேண்டும் என்று பொருள்.

பயன்படாத போர்ட்டுகளைக் கண்டறியும்போது ஒரு பொறி இருக்கிறது. ‘ஷோ இன்டர்ஃபேசஸ்’ விவரத்தில் ‘லாஸ்ட் இன்புட் நெவர்’ என்று பார்த்தவுடன், இந்தப் போர்ட்டில் இதுவரை எதுவுமே வந்ததில்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. வன்பொருளே நேராகக் கடத்திவிடும் பொட்டலங்கள் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. ஸ்விட்ச்சின் மையச் செயலி வரை வந்தவை மட்டுமே ஏறுகின்றன. நாள் முழுக்க வேலை செய்யும் கணினியின் போர்ட்டும் ‘நெவர்’ என்றே காட்டக்கூடும். பொட்டல எண்ணிக்கைகளைத்தான் நம்ப வேண்டும்: ‘ஷோ இன்டர்ஃபேசஸ் கவுண்டர்ஸ்’ பட்டியலை இன்று ஒன்றும் அடுத்த வாரம் ஒன்றும் எடுத்து, எண் நகர்ந்ததா என்று பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அடையாளம் தெரியாமல் பத்துப் பதினைந்து போர்ட்டுகள் நிற்கும். அவற்றுக்கு மட்டும் எழுந்து போனால் போதும். பேட்ச் பேனலில் (சுவர்க் கேபிள்கள் ரேக்கில் வந்து முடியும் பலகை) உள்ள எண்ணிலிருந்து சுவரில் உள்ள முகத்தகட்டின் எண்ணுக்குப் போய், அங்கே ஒரு மடிக்கணினியைச் செருகி, ஸ்விட்ச்சின் பதிவில் எந்தப் போர்ட்டின் லிங்க் எழுந்தது என்று பார்ப்பது நேர்வழி. எதிர்முனை லினக்ஸ் சர்வராக இருந்தால், அதில் ‘ஈத்டூல்’ கட்டளையை ‘-பி’ என்ற விருப்பத்தோடு, கார்டின் பெயரும் வினாடிக் கணக்கும் சேர்த்துக் கொடுத்தால் அந்த நெட்வொர்க் கார்டின் விளக்கு அத்தனை வினாடிகள் சிமிட்டும். நான்கு போர்ட் கொண்ட கார்டில் எது எது என்று அறிய இதைவிடச் சிறந்த வழி இல்லை. சந்தேகத்துக்குரிய கேபிளைப் பிடுங்கிப் பார்க்கலாமே என்ற எண்ணம் வரும். அலுவலக நேரத்தில் வேண்டாம். அது மின்தூக்கியின் கேமராவாகவோ வருகைப் பதிவுக் கருவியாகவோ தீ எச்சரிக்கைப் பலகையின் இணைப்பாகவோ இருக்கலாம்.

கண்டறிந்த ஒவ்வொன்றையும் அப்போதே போர்ட்டின் ‘டிஸ்கிரிப்ஷன்’ வரியில் எழுதிவிடுங்கள். “கணினி” என்று எழுதுவதில் பயன் இல்லை. “இரண்டாம் தளம், கணக்குப் பிரிவு, சுவர் எண் 2-37” என்ற அளவுக்கு இருக்க வேண்டும். அங்கே ஆளின் பெயரைப் போடாதீர்கள். ஆள் மாறுவார், சுவர் மாறாது.

இனி அமைப்பு. ஐபி போனும் கணினியும் ஒரே கேபிளில் இருக்கும் சாதாரண மேசைப் போர்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணினிகளுக்கு வி-லேன் 20, போன்களுக்கு வி-லேன் 120 என்று கொள்வோம். வரிகள் இப்படி அமையும்:

இன்டர்ஃபேஸ் கிகாபிட்ஈதர்நெட் 2/0/17
டிஸ்கிரிப்ஷன் தளம்-2 கணக்கு சுவர் 2-37
ஸ்விட்ச்போர்ட் மோட் ஆக்சஸ்
ஸ்விட்ச்போர்ட் ஆக்சஸ் வி-லேன் 20
ஸ்விட்ச்போர்ட் வாய்ஸ் வி-லேன் 120
ஸ்பேனிங்-ட்ரீ போர்ட்ஃபாஸ்ட்
ஸ்பேனிங்-ட்ரீ பிபிடியுகார்ட் எனேபிள்

(கருவியில் இவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்டச்சிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, டிஸ்கிரிப்ஷனும் அப்படியே.) ‘மோட் ஆக்சஸ்’ என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாத போர்ட் எதிர்முனையோடு பேசி, தானே டிரங்காக மாறச் சம்மதிக்கக்கூடும். மேசையில் உட்கார்ந்திருப்பவர் எல்லா வி-லேன்களுக்குள்ளும் நுழைய வழி திறந்துவிடும். ‘போர்ட்ஃபாஸ்ட்’ இல்லையென்றால், லிங்க் எழுந்த பிறகும் ஸ்விட்ச் சுமார் 30 வினாடிகள், ஸ்பேனிங் ட்ரீ நெறிமுறைப்படி, சுழல் (கேபிள்கள் வட்டமாக இணைந்து பொட்டலங்கள் சுற்றிக்கொண்டே இருக்கும் நிலை) இருக்கிறதா என்று சோதித்துக்கொண்டிருக்கும். போர்ட் விளக்கு அதுவரை செம்மஞ்சளாகவே நிற்கும், கணினி ஐபி முகவரி கேட்டுச் சலித்துப் போகும். ‘பிபிடியுகார்ட்’ என்பது அந்த வேகத்துக்குச் செலுத்தும் காப்பீடு: மேசையடியில் யாராவது ஸ்விட்ச் ஒன்றைச் செருகி, அதிலிருந்து ஸ்பேனிங் ட்ரீ செய்தி வந்தால் போர்ட் உடனே மூடிக்கொள்ளும். போர்ட்ஃபாஸ்ட்டை எழுதி இதை எழுதாமல் விடுவதை நான் ஏற்பதில்லை.

இன்னொரு சிறு எச்சரிக்கை. ஆக்சஸ் வி-லேன் எண்ணைத் தவறாகத் தட்டச்சிட்டு, இல்லாத எண் ஒன்றைக் கொடுத்தால் ஸ்விட்ச் மறுப்பதில்லை. அந்த வி-லேனைத் தானே உருவாக்கிவிட்டதாக ஒரு வரி சொல்லிவிட்டுப் போய்விடும். 20 என்பதற்குப் பதில் 200 என்று கொடுத்தவரின் போர்ட் பச்சையாக எரியும், எங்கும் போகாது. ஒரே மாதிரியான போர்ட்டுகளை ‘இன்டர்ஃபேஸ் ரேஞ்ச்’ கொண்டு ஒரே நேரத்தில் அமைக்கலாம்; ஆனால் இனம் காணப்படாத ஒரு போர்ட்கூட அந்த எல்லைக்குள் இருக்கக் கூடாது. முன்பு வேறு வேலைக்கு இருந்த போர்ட் என்றால், முதலில் ‘டிஃபால்ட் இன்டர்ஃபேஸ்’ கொடுத்துப் பழைய வரிகளைத் துடைத்துவிட்டு எழுதுவது நல்லது. பழையதன் மிச்சம் புதியதோடு கலந்து நின்று தொல்லை தரும்.

டிரங்குக்கு வரும்போது என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தில், வேறு கட்டடத்தில் இருந்த ஸ்விட்ச்சின் டிரங்கில் புதிதாக வி-லேன் 40ஐச் சேர்க்க வேண்டியிருந்தது. ‘ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலவ்டு வி-லேன் ஆட் 40’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ஆட்’ என்ற சொல்லை விட்டுவிட்டேன். அந்தச் சொல் இல்லையென்றால் பட்டியலில் சேர்ப்பதாகப் பொருள் இல்லை; இருக்கும் பட்டியலை அழித்துவிட்டு 40ஐ மட்டும் வைப்பதாகவே பொருள். என்டர் தட்டிய கணமே திரை உறைந்தது. நான் உள்ளே வந்த நிர்வாக வி-லேனும் அந்த டிரங்க் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. அந்தக் கட்டடம் முழுவதும் நெட்வொர்க் இல்லாமல் நின்றது. மடிக்கணினியையும் கன்சோல் கேபிளையும் எடுத்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்து சரிசெய்ய 40 நிமிடங்களுக்கு மேலாயிற்று. தவறு என்னுடையது, அந்த 40 நிமிடங்கள் வேலையின்றி நின்றவர்கள் வேறு யாரோ. அன்றிலிருந்து டிரங்கில் கை வைப்பதற்கு முன் திரும்பி வரும் வழியை அமைத்துக்கொள்ளாமல் நான் தொடங்குவதில்லை.

அந்த வழி இந்த ஸ்விட்ச்சிலேயே இருக்கிறது. ‘ஆர்க்கைவ்’ என்ற பகுதியில் அமைப்புகளைச் சேமிக்கும் இடத்தை ஒரு முறை குறித்து வைத்துவிட்டால், பிறகு ‘கான்ஃபிகர் டெர்மினல் ரிவர்ட் டைமர் 5’ என்று கொடுத்து உள்ளே நுழையலாம். மாற்றத்தைச் செய்து, எல்லாம் சரியாக இருப்பதைப் பார்த்து, ஐந்து நிமிடத்துக்குள் ‘கான்ஃபிகர் கன்ஃபர்ம்’ கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாமல் இணைப்பு அறுந்துபோனால், ஸ்விட்ச் தானாகவே பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். ‘ரீலோட் இன் 10’ என்று பத்து நிமிடத்தில் தானே மறுதொடக்கமாகச் சொல்லி வைப்பது பழைய வழி. தனி ஸ்விட்ச்சில் அது போதும், ஆனால் உங்கள் ஸ்டாக்கில் அது 144 போர்ட்டுகளையும் ஒரே நேரத்தில் இருட்டாக்கும்.

வேகத்தையும் டூப்ளெக்ஸையும் (இரு முனைகளும் ஒரே நேரத்தில் பேசுவது ஃபுல், மாறி மாறிப் பேசுவது ஹாஃப்) பற்றி: தாமிரப் போர்ட்டுகளில் இரண்டையும் ‘ஆட்டோ’விலேயே விடுங்கள். கையால் 100, ஃபுல் என்று பூட்டுவது ஒரு காலத்தில் நல்ல பழக்கமாகச் சொல்லிக்கொடுக்கப்பட்டது. இன்றும் அதைக் கடைப்பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு பக்கம் பூட்டி மறுபக்கம் ஆட்டோவில் இருந்தால், ஆட்டோவில் இருப்பது வேகத்தை மட்டும் சைகையிலிருந்து ஊகித்துக்கொள்ளும். டூப்ளெக்ஸை ஊகிக்க வழி இல்லாததால் விதிப்படி ஹாஃப் என்று வைத்துக்கொள்ளும். லிங்க் இருக்கும், பிங் போகும், பெரிய கோப்பு மட்டும் ஊர்ந்து போகும். ஹாஃப் பக்கத்தில் ‘லேட் கொலிஷன்’ எண்ணும், ஃபுல் பக்கத்தில் சிஆர்சி (சிதைந்து வந்த பொட்டலங்கள்) பிழைகளும் ஏறிக்கொண்டே போவது இதன் கைரேகை. 1999இல் வந்த 1000பேஸ்-டி தரத்தில் இரு முனைகளும் தமக்குள் பேசி முடிவு செய்யும் இந்த ‘ஆட்டோ’ முறை கட்டாயமாகவே ஆக்கப்பட்டுவிட்டது.

நிலைப் பட்டியலின் வேகப் பத்தியில் ‘ஏ-1000’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘ஏ-100’ என்று இருந்தால், அமைப்பை மாற்றுவதற்கு முன் கேபிளைச் சந்தேகியுங்கள். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடிக் கம்பிகள் போதும். 1 கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். முகத்தகட்டின் பின்னால் ஒரே ஒரு கம்பி சரியாக அழுத்தப்படாமல் இருந்தாலும் இந்த நிலை வரும். ‘டெஸ்ட் கேபிள்-டயக்னாஸ்டிக்ஸ் டிடிஆர்’ கட்டளை எந்த ஜோடி, ஏறக்குறைய எத்தனை மீட்டர் தொலைவில் அறுந்திருக்கிறது என்று சொல்லும். சோதிக்கும் வேளையில் லிங்க் விழும் என்பதை மறக்காமல் பயனரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

உங்கள் மாடல் பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியே மின்சாரம் தரும் வசதி) உள்ளதாக இருந்தால், 48 ஓட்டையும் 30 வாட் தரும் என்று நம்பிக் கேமராக்களை ஏற்றாதீர்கள். 9300-48பி மாடலில் அதோடு வரும் 715 வாட் பவர் சப்ளை ஒன்று மட்டும் இருந்தால் போர்ட்டுகளுக்கெல்லாம் சேர்த்துக் கிடைப்பது 437 வாட்; 30 வாட் வீதம் கேட்டால் 14 கருவிகளோடு தீர்ந்துவிடும். ‘ஷோ பவர் இன்லைன்’ மிச்சத்தைக் காட்டும்.

எர்-டிசேபிள்டு ஆகி நிற்கும் போர்ட்டுகளுக்கு ‘ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்டேட்டஸ் எர்-டிசேபிள்டு’ காரணத்தையும் சேர்த்துச் சொல்லும். காரணத்தைப் போக்கிவிட்டு ‘ஷட்டவுன்’, ‘நோ ஷட்டவுன்’ கொடுத்தால் எழும். காரணத்தைப் பார்க்காமல் எழுப்புவதால் பயனில்லை, மீண்டும் விழும். யாரும் பயன்படுத்தவில்லை என்று ஒரு வாரக் கணக்கில் தெரிந்த போர்ட்டுகளை, எதற்கும் பயன்படாத ஒரு வி-லேனில் வைத்து ‘ஷட்டவுன்’ செய்து, தேதியையும் டிஸ்கிரிப்ஷனில் குறித்துவிடுங்கள். மாதம் ஒருமுறை மட்டும் இயங்கும் கருவியின் உரிமையாளர் வந்து கேட்டால் எங்கே திறப்பது என்று உடனே தெரியும். ஒவ்வொரு நாள் வேலையின் முடிவிலும் ‘காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்டப்-கான்ஃபிக்’ கொடுத்துச் சேமியுங்கள். இல்லையென்றால் அடுத்த மின்தடையில் அத்தனையும் போய்விடும்.

கடைசியாக ஒன்று. என்றாவது ஒரு பெட்டி பழுதாகி மாற்ற வேண்டி வரும். நீங்கள் எழுதிய அத்தனை அமைப்புகளும் பெட்டியோடு அல்ல, உறுப்பினர் எண்ணோடுதான் கட்டப்பட்டிருக்கின்றன. பழுதான உறுப்பினர் 2இன் இடத்தில் வரும் அதே மாடல் புதிய பெட்டி, எண் 2 ஆகவே எழுந்தால் 2/0/1 முதல் 2/0/48 வரை அனைத்தும் தாமாகவே அமைந்துவிடும். அதுவே வேறு எங்கோ பயன்பட்டு, 4 என்ற எண்ணை நினைவில் வைத்திருக்கும் பெட்டியாக இருந்தால், 4/0/1 என்று வெறுமையாக எழும். 48 பேரும் வி-லேன் 1இல் நிற்பார்கள். ஆகவே ஸ்டாக் கேபிளை மாட்டுவதற்கு முன் அதைத் தனியாக எழுப்பி, ‘ஷோ ஸ்விட்ச்’ கொடுத்து எண்ணைப் பாருங்கள். வேறாக இருந்தால் ‘ஸ்விட்ச் 4 ரீநம்பர் 2’ கொடுத்து மறுதொடக்கம் செய்து, மென்பொருள் பதிப்பும் மற்ற இரண்டோடு ஒத்திருப்பதை உறுதி செய்து, மின்சாரத்தை அணைத்து, பிறகு ஸ்டாக் கேபிளை மாட்டி எழுப்புங்கள். பழைய பெட்டியின் கேபிள்களைக் கழற்றும்போது ஒவ்வொன்றிலும் அதன் போர்ட் எண்ணை ஒட்டிவிட்டே கழற்றுங்கள்.